நியூ ஜெர்சி வரை போன கலியாண விசாரணை

எனக்கு ஆட்களை நம்புவது கஷ்டம். பெருமைக்குச் சொல்லவில்லை, அது என் சுபாவம். காலையில் வாசலுக்குப் பால் போத்தல் வந்தால், மூடியை யாராவது அமத்திப் பார்த்திருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பேன். கோயிலில் ஒருவர் வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுகம் விசாரித்தால், இவவுக்கு என்னால் என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை யோசிப்பேன். என் கணவர் இதை ஒரு வருத்தம், ஒரு நோய் என்பார். அவர் அப்படிச் சொல்வதிலும் ஏதோ உள்ளர்த்தம் இருக்கிறது என்று நான் சந்தேகப்பட்ட நாட்கள் உண்டு.

எண்பதுகளின் நடுவில் லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு சின்ன வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என் கணவர், என் தம்பி. தம்பிக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா செத்துப்போனார். அம்மா தோட்டத்தையும் காணி வழக்கையும் பார்த்துக்கொண்டு திரிய, அவனுக்குத் தலை இழுத்துவிட்டது, கணக்குச் சொல்லிக்கொடுத்தது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்தது எல்லாம் நான்தான். இலங்கையில் பிரச்சினை முற்றியபோது அவனை லண்டனுக்கு எடுப்பிக்க நான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. எனக்குப் பிள்ளைகள் கிடையாது. அவன் எனக்கு என்ன முறை என்று கேட்டால் தம்பி என்று சொல்வேன், ஆனால் மனதுக்குள் வேறு கணக்கு. யாரோ ஒருத்தி வந்து இவனை என்னிடமிருந்து கொண்டுபோய்விடுவாள் என்ற பயம், அவன் ஹீத்ரோவில் வந்து இறங்கிய அன்றே எனக்குப் பிடித்துவிட்டது.

அப்போது எனக்கு ஒரு வாசிப்பறையில் வேலை. தங்கள் பரம்பரையைத் தேடுகிறவர்கள் வந்து மைக்ரோபிலிம் பார்க்கும் இடம் அது. எங்கெங்கோ உள்ள பழைய பதிவேடுகளைப் படம் பிடித்துச் சுருள் சுருளாகப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். அங்கே இல்லாத சுருளை எழுதிக் கொடுத்தால் அமெரிக்காவிலிருந்து ஐந்தாறு கிழமையில் வரும். பெட்டியை எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததை அதன் இடத்தில் வைப்பது, மெஷினில் சுருள் சிக்கினால் நோகாமல் எடுத்துவிடுவது, இவைதான் என் வேலை.

லண்டனில் வேலைக்கு வந்திருந்த அமெரிக்கர்கள் பலர் அங்கே வருவார்கள். அவர்கள் அதிகம் கேட்பது கவுண்டிக் கலியாணப் பதிவேடுகள். கவுண்டி என்றால் எங்கள் ஊர்க் கச்சேரிப் பகுதி, அதாவது மாவட்டம், மாதிரி. பாதிரியார் கலியாணம் செய்துவைத்தால், மாப்பிள்ளை, பெண், ஊர், நாள் எல்லாம் எழுதிக் கவுண்டிக் கிளார்க்குக்கு அனுப்ப வேண்டும். கிளார்க் அதைத் தன் பெரிய புத்தகத்தில் பதிந்துவைப்பார். இருநூறு வருஷத்துக்கு முந்திய கோழிக்கிறுக்கல் எழுத்து. பழகப் பழக எனக்கு அது நன்றாகவே விளங்கத் தொடங்கியது.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு ஆங்கிலேய அம்மா, சரியான கறார். வருகிற எல்லோருக்கும் ஒரே புத்திதான் சொல்லுவார். கலியாணத்துக்கு அனுமதி எடுத்தவன் கலியாணம் முடித்தான் என்று எழுதாதீர்கள், பாதிரியார் அனுப்பிய குறிப்பு எங்கே என்று கேளுங்கள். ஒரே பெயரில் ஒரே கவுண்டியில் நான்கு பேர் இருப்பார்கள், முதல் ஆளைக் கண்டதும் கட்டிப்பிடிக்காதீர்கள். ஒரு தாள் தன்னில் எழுதியிருப்பதை மட்டும்தான் சொல்லும், மிச்சத்தை நீங்கள்தான் சொல்கிறீர்கள். எனக்கு அந்த அம்மாவை நல்லாப் பிடிக்கும். சம்பளமும் தந்து சந்தேகப்படவும் சொல்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம் தாங்காது, புழுகமோ புழுகம்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி வாயைத் திறந்தான். கல்லூரியில் தன்னோடு கணக்கியல் படிக்கிற ஒரு பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். வேதக்காரர், கிறிஸ்தவர்கள். வீடு தெற்கு லண்டனில், மிச்சம் என்ற இடத்தில். கலியாணம் செய்ய விருப்பம். குடும்பப் பெயரைச் சொன்னான். எனக்குக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அது ஒரு வெள்ளைக்காரப் பெயர். இங்கிலாந்துக்காரன் பெயர் கூட இல்லை, அமெரிக்கன் பெயர்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் இப்படிச் சில குடும்பங்கள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க மிஷனரிமார் அந்தக் காலத்தில் வந்து பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிய ஊர்களில் இப்படிப் பெயர்கள் கிடக்கும். எப்படி வந்தன என்று நான் அதுவரை யோசித்ததில்லை. பெயர் தகப்பனிடமிருந்து வருவது. அப்படியென்றால் எங்கேயோ ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் இருந்திருக்க வேண்டும். எனக்கு அது இரண்டும் இரண்டும் நாலு மாதிரி இருந்தது. பிறகு அந்தப் பிள்ளையைத் தம்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். பார்த்தால் பூனைக்கண். வேறென்ன வேண்டும்? உம்முடைய பெரியம்மாவுக்கும் பூனைக்கண்தானே, அவவின் தகப்பன் எந்தக் கப்பலில் வந்தவராம் என்று என் கணவர் கேட்டார்.

அம்மாவுக்கு எழுதினேன். சண்டைக்குள்ளால் கடிதம் போய்ப் பதில் வர இரண்டு மாதமாயிற்று. நல்லா விசாரி என்று எழுதியிருந்தா. அதற்குக் கீழே கோடும் போட்டிருந்தா. எங்களில் கலியாணம் பேசினால் விசாரணை என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் அந்த ஊருக்குப் போவார், கடையடியில் சோடா குடிப்பார், கிணற்றடியில் கால் கழுவுவார், நாலு பேரின் வாயைப் புடுங்குவார், குடும்பத்தின் ஏழு தலைமுறையோடும் திரும்பி வருவார். பைத்தியம், கசரோகம், கடன் எல்லாம் அதில் வரும். ஆனால் அம்மா கோடு போட்டது அதற்கெல்லாம் இல்லை. அம்மா எழுதாமல் விட்ட சொல் சாதி. ஒருவரின் தகப்பன் பெயரையும் ஊரையும் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு மிச்சம் தானாகத் தெரிந்துவிடும். இங்கேயோ, விசாரிக்கப் போனால் வாசலில் ஒரு அமெரிக்கன் நிற்கிறான். சண்டைக்குள் ஊருக்குப் போய்க் கேட்கவும் ஆள் இல்லை. ஆகவே அந்த விசாரணையை நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

மிச்சமுக்கு ஒருநாள் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணின் தகப்பன் ஊரில் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தவர். இங்கே ஒரு மூலைக்கடையில் வேலை. அதிகம் பேசாத மனிசன், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. தாய்க்காரி குசினிக்குள் போனதும், மனிசன் தம்பிக்குப் பின்பக்கத் தோட்டத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனதும், நான் கண்ணாடி அலுமாரியைத் திறந்தேன். உள்ளே ஒரு பழைய ஆங்கில வேதப்புத்தகம். முதல் பக்கத்தில் மை மங்கிய எழுத்து, கவுண்டிப் பதிவேட்டு எழுத்தேதான். அந்த அமெரிக்கனின் முழுப்பெயர், நியூ ஜெர்சியில் ஒரு கவுண்டியின் பெயர், ஒரு ஆண்டு. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். தேத்தண்ணி வந்தபோது நான் கதிரையில் கைகட்டிக்கொண்டு இருந்தேன். பயமாக இருந்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் கூடுதல்.

அந்தக் கவுண்டிச் சுருளை என் பெயரிலேயே எழுதிக் கொடுத்தேன். ஆறாவது கிழமை வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் போட்டுச் சுழற்றினேன். மூன்று நாள் பிடித்தது. மூன்றாம் நாள் அந்தப் பெயர் வந்தது, நடுப்பெயரோடு. பாதிரியார் அனுப்பிய குறிப்பு. மேற்பார்வையாளர் அம்மா கேட்கிற எல்லாம் அதில் இருந்தது. அதே ஊரில் ஒருத்தியைக் கட்டியிருக்கிறான். வேதப்புத்தகத்தில் எழுதியிருந்த ஆண்டுக்கு மூன்று வருஷம் முன்னதாக.

பிடிச்சேன் பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். தன் ஊரில் முறையாகக் கட்டின பெண்சாதி ஒருத்தியை வைத்துவிட்டு, எங்கள் பக்கம் கப்பலேறி வந்து, இன்னொருத்தியை வைத்திருந்து, பிள்ளையும் பெற்று, தன் பெயரையும் வேதப்புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் பாவி. இந்தக் குடும்பத்தின் வேரே இப்படி. மேற்பார்வையாளர் அம்மாவிடம் பெயர் சொல்லாமல் கதையைச் சொன்னேன். அவன் கப்பலேறியதற்கு என்ன தாள் இருக்கிறது என்று கேட்டார். அவருக்கு எங்கள் ஊர் விளங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னேன். என் கணவர், இதை இத்தோடு விடும், நூற்றறுபது நூற்றெழுபது வருஷத்துக் கதையைக் கொண்டுபோய் ஒரு பிள்ளையின் தலையில் கொட்டாதேயும் என்றார். தம்பி ஒன்றுமே சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்ததை நான் என் பக்கம் சாய்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை அவனையும் இழுத்துக்கொண்டு மிச்சமுக்குப் போனேன். நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று தொடங்கி, எல்லாவற்றையும் பெண்ணின் தகப்பன் முன்னால் வைத்தேன். படி எடுத்துக்கொண்டு போன தாளையும் மேசையில் விரித்தேன். அந்தப் பிள்ளை கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மனிசன் கண்ணாடியைப் போட்டு அந்தத் தாளை ஆறுதலாக வாசித்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன், இல்லை. உண்மையில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்த மாதிரி இருந்தது. இந்த மனிசன் கலியாணம் முடிச்சவர் எண்டது எங்களுக்கு இவ்வளவு நாளும் தெரியாது என்றார். பிறகு சொன்னார்.

"பிள்ளை, அவர் எங்கட ஊருக்கு வரவே இல்லை. கப்பலைக் கண்ணால கண்டாரோ தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில விட்டுப் படிப்பிச்ச பிள்ளையளுக்கு அமெரிக்காவில இருந்து ஆரும் காசு அனுப்புவினம். ஆர் அனுப்பினமோ அவையின்ர பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது. அந்த வேதப்புத்தகமும் அவர் அனுப்பினதுதான். எங்கட ஆளுக்கு வீட்டில சாப்பாடில்லை. அதாலதான் தாய் தகப்பன் கொண்டுபோய் விட்டவை. அவற்ற சொந்தப் பேர் என்னெண்டு எங்களுக்கே தெரியாது."

அவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் கேக்க வந்தது இதில்லை எண்டு எனக்குத் தெரியும். கேளுங்கோ. மறைக்கமாட்டன்."

ஊரில் நாலு பேரிடம் சுற்றிவளைத்துக் கேட்கலாம், பொடி வைத்துக் கேட்கலாம். ஒரு மனிசன் நேருக்கு நேர் இருந்து, கேள் என்றால் எப்படிக் கேட்பது? தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினேன். பஸ்ஸில் தம்பி எனக்கு முன்னால் தனியாகப் போய் இருந்தான். அவன் பிடரியைத்தான் வழிநெடுகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கிழமையே அவன் தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டான். சத்தம் போடவில்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னான்.

"அக்கா, நீங்கள் அவையளைச் சந்தேகப்படேல்லை. என்னைத்தான் சந்தேகப்பட்டனீங்கள்."

இதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது இன்னொரு சந்தேகம். அந்த வாத்தியார் சொன்னது வடிவாகச் சோடித்த கதையாக இருந்தால்? அதே கவுண்டியின் பிந்திய பதிவேடுகளை எழுதி எடுப்பித்தேன். அந்தக் காலத்தில் வயது குறைந்த பிள்ளையைக் கட்டிக்கொடுக்கத் தகப்பனின் சம்மதம் வேண்டும், அதையும் பதிந்து வைப்பார்கள். தன் கலியாணத்திலிருந்து பதினெட்டு வருஷம் கழித்து அந்த அமெரிக்கன் மூத்த மகளைக் கட்டிக்கொடுக்கச் சம்மதம் கொடுத்திருக்கிறான். அடுத்த வருஷம் இரண்டாவது மகள். பிறகு மூன்றாவது. மகள்களின் வயதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் இரண்டு வருஷம் கூட இடைவெளி இல்லை. யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் வந்து போக அந்த மனிசனுக்கு எங்கே நேரம்? முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் சோற்றுக்குக் காசு அனுப்பிய ஒருவனை நான் பாவி என்று சொல்லியிருந்தேன்.

அன்றே நான் தம்பிக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். என்னில்தான் பிழை என்று ஒரு சொல். ரிசீவரை எடுப்பேன், அவன் என்ன குரலில் ஹலோ சொல்லுவான் என்று யோசிப்பேன், வைத்துவிடுவேன். அவன்தானே என்னை விட்டுப் போனவன், அவன் எடுக்கட்டும் என்றும் நினைத்தேன். பிறகு ஒருநாள் துணிந்து எடுத்தபோது அவன் இருந்த அறையின் நம்பரில் வேறு யாரோ பேசினார்கள். என் கணவரிடம், அவனைக் காண்பதுண்டா என்று கேட்டால், எப்பவாவது என்பார். அதற்கு மேல் அவர் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். அம்மாவுக்கு, தம்பி படிப்பில் மும்முரம் என்று எழுதினேன். இப்படியே இரண்டு வருஷம் போய்த் தொண்ணூறுகளும் பிறந்துவிட்டன.

இங்கிலாந்தில் நடக்கிற எல்லாக் கலியாணங்களுக்கும் ஆண்டுக்காண்டு பெயர்ப்பட்டியல் உண்டு. நகரின் நடுவில் ஒரு கட்டடத்தில் யாரும் போய்ப் பார்க்கலாம். பச்சை அட்டை போட்ட பாரமான புத்தகங்கள், தூக்கினால் தோள்மூட்டு கழன்றுவிடும். ஒரு லீவு நாளில் அங்கே போனேன். அவன் பெயர் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் திறந்தேன். என்னைக் கூப்பிடாமல் அவன் கலியாணம் முடிக்கமாட்டான், அவ்வளவு கல்மனம் அவனுக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் ஆண்டில் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. அடுத்த ஆண்டில் இருந்தது. பட்டியலில் மாப்பிள்ளையின் பெயருக்கு எதிரே பெண்ணின் குடும்பப் பெயரும் இருக்கும். அந்த அமெரிக்கன் பெயர் அங்கே இருந்தது.

எத்தனையோ பேர் இப்படி ஒரு வரியைக் கண்டதும் கதிரையில் துள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற கிழவர் திசுப்பேப்பர் தந்தார், கனகாலமாகத் தேடின ஆளோ என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓம் என்றேன்.

பத்திரத்தின் பிரதி வேண்டுமென்று காசு கட்டிவிட்டு வந்தேன். யார் யாரெல்லாம் போனார்கள், எங்கே நடந்தது, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். சந்தேகம் இல்லை, இது பொறாமை. ஒரு சனிக்கிழமை தபாலில் வந்தது. கடித உறையை நின்றபடியே கிழித்தேன். மாப்பிள்ளை, வயது, தொழில். தகப்பன் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர், காலமானவர் என்று எழுதி. பெண், அவள் தகப்பன். கீழே சாட்சிகள் என்ற இடத்தில் இரண்டு பெயர். ஒன்று அந்த வாத்தியார். மற்றது என் கணவர்.

அவர் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடாமலே பார்த்தார்.

"ஓம். நான்தான் சாட்சிக் கையெழுத்து வைச்சனான்."

ஒன்றரை வருஷமாக என்னோடு இருந்து சாப்பிட்டிருக்கிறார், படுத்திருக்கிறார், கோயிலுக்கு வந்திருக்கிறார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன். தம்பி சொல்ல வேண்டாம் என்றவன் என்றார். நான் வந்து அந்தப் பிள்ளையின் முன்னால் இன்னொரு தாளை விரித்துவிடுவேன் என்று அவனுக்குப் பயம். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆனா அண்டைக்குக் கலியாணப் பதிவுக் கந்தோரில எங்களை உள்ளுக்கக் கூப்பிட, அவன் வரமாட்டன் எண்டு வாசல்லயே நிண்டவன். 'பத்து நிமிஷம் பொறுங்கோ அத்தான், அக்கா எப்பிடியும் மோந்துபிடிச்சு வந்திடுவா' எண்டான். பிறகு இன்னுமொரு பத்து நிமிஷம் எண்டான். பிறகு அந்தப் பிள்ளைதான் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனது."

பத்திரத்தில் திகதி இருந்தது. ஒரு வியாழக்கிழமை. அன்று காலை இவர் கலியாணங்களுக்குப் போடுகிற சூட்டையும் டையையும் போட்டுக்கொண்டு என் முன்னால் இருந்துதான் தேத்தண்ணி குடித்தார். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. எங்கே வெளிக்கிடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.